பத்தியத்துக்குள் மறைந்திருந்த நோய்

மலாயா சுதந்திரம் வாங்கிய சமயம் எனக்கு மலாக்காவில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் சீசா கழுவுகிற வேலை. காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசைக்குள் நுழைந்ததும் நான் பாதி டாக்டர். மீதிப் பாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு அப்போதுதான் வீட்டிலேயே பிரசவம் ஆகியிருந்தது. ரத்தம் மிக அதிகமாகப் போய், மயங்கி, எப்படியோ தெளிந்தாள். அம்மா பத்தியத்தைத் தொடங்கினார். பக்கத்து வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் செட்டி மாமி, பந்தாங் என்கிற மலாய்ப் பத்தியத்தையும் சேர்த்துவிட்டார்: சுட்ட கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் வைப்பது, காற்றுப் படாமல் போர்த்துவது. நாட்டுக்கு விடுதலை, அக்காவுக்கு இரண்டு அரசாங்கம்.

சுறாப்புட்டு அவித்தும் பால் சுரக்கவில்லை. குழந்தை டின் பாலுக்குப் போனான். அக்கா குளிருது குளிருது என்றாள்.

"பச்ச ஒடம்பு, குளிரத்தான் செய்யும்" என்றார் அம்மா.

பகலிலும் தூங்கினாள். "தூங்கட்டும், நல்லதுதான்."

பத்திய நாள் முடிந்து மாதக்கணக்காகியும், வெயில் கொளுத்தும்போதுகூட அக்கா போர்வையை விடவில்லை. அம்மாவுக்கோ பெருமை. "இந்தக் காலத்துல எவ இப்படிச் சொல் பேச்சு கேக்குறா?" பரிசோதனைக் கூடத்து அறிவாளியான நானும் தலையாட்டினேன். ஒழுங்காகப் பத்தியம் காக்கிற தாய் எப்படி இருப்பாளோ, அக்காவின் நோயும் அச்சாக அப்படியே இருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது, வாந்தி எடுத்தாள். ஒரு காலை எழுப்பினால் எழவில்லை. அத்தான் தூக்கிக்கொண்டு டாக்சிக்கு ஓடினார்.

மருத்துவமனையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். அக்காவின் புருவ ஓரத்து முடி உதிர்ந்திருந்ததை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளைக்குப் பால் குடுத்தவவோ?"

"சுரக்கவே இல்ல, டாக்டர்."

"பேறு நேரம் ரத்தம் கனக்கப் போனதோ?"

"ரொம்ப."

ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, கார்ட்டிசோன் வகை ஊசி ஒன்றைப் போட்டார். "இதுக்கு எழும்பினால் நான் நினைச்சது சரி" என்றார். நான் குளுக்கோஸ் சொட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

மத்தியானம் தாண்டி அக்கா கண் திறந்தாள். "புள்ள பால் குடிச்சானா?" அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் டாக்டரைத் துளைத்துவிட்டேன். மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பியாம். உடம்பின் மற்றச் சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் உத்தரவு போடுமாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது பெரிதாகுமாம். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் அது பட்டினி கிடந்து பட்டுப்போகுமாம். உத்தரவு நின்றால் பாலும் சுரக்காது, உடம்புச் சூடும் தெம்பும் குறையுமாம்; அந்த ஊசியும் நின்றுபோன ஒரு சுரப்புக்குப் பதில்தானாம். நான் புருவ மத்தியைத் தடவிப் பார்த்தேன். பொட்டு வைப்பதைத் தவிர அந்த வட்டாரத்தில் வேறு அலுவல் நடப்பதாக அதுவரை நினைத்ததில்லை.

"இனி ஆயுசுக்கும் குளிசை போட வேணும், ஒரு நாளும் விடக் கூடாது" என்றார் டாக்டர்.

"மாத்திரைக்குப் பத்தியம் என்னங்க?" என்றார் அம்மா.

"ஒண்டும் இல்லை அம்மா. எல்லாம் சாப்பிடலாம்."

அவர் போனதும் அம்மா என் காதோரம் வந்தார். "பத்தியமே சொல்லல. இவரு நல்ல டாக்டர்தானாடா?"

கட்டிலிலிருந்து அக்காவின் குரல் மெல்ல வந்தது. "ரொம்ப நல்ல டாக்டரும்மா."