ஆறாவது மலை

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நான் ஓர் ஆராய்ச்சி இதழின் துணையாசிரியன். பல தேசத்து நாட்டுப்புறக் கதைகளை ஒப்பிட்டு ஆராயும் ஆங்கில இதழ் அது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆசிரியர். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தவன் நான். வாசகர்களைவிட அடிக்குறிப்புகள் அதிகம் என்பதில் எங்களுக்குப் பெருமைகூட உண்டு.

கிடைத்த கதையைக் குறிப்பட்டையில் தொடக்கம், தடை, முடிவு என்று பிரித்து எழுதுவோம். மூன்று கட்டமும் நிரம்பினால்தான் கதைக்கு வகை எண். எண் இல்லாத கதைக்கு இதழில் இடமில்லை.

கிளாவரை என்கிற மலைக் கிராமத்தில், பூண்டின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எனக்கொரு கதை சொன்னார். பறவையாகிப் போன தம்பியைத் தேடி ஏழு மலை ஏறும் பெண்ணின் கதை. ஆறாவது மலையில் அவள் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அம்மாள் நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். இதுவரைக்குந்தான் எம்மக கேட்டா. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்னு படுக்க வச்சேன். வெள்ளனே காய்ச்சல். மூணாம் நாள் போயிட்டா. அவ கேக்காதத நான் யாருக்கும் சொல்றதில்ல."

தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி.

அச்சுக்கு நாள் நெருங்கியபோது முடிவுக் கட்டம் காலியாகவே கிடந்தது. பக்கத்து மலைக் கிராமமான போளூரில் ஒருவர் இதே கதையை முழுதாகச் சொல்லியிருந்தார். ஏழாவது மலையில் அந்தப் பெண் கல்லாகிவிடுகிறாள். அந்த வாலை எடுத்து இதில் ஒட்டினேன். பேராசிரியர் எண் கொடுத்தார்.

இதழ் வந்ததும் பெருமை தாங்காமல் கிளாவரைக்கு எடுத்துப் போனேன். அம்மாள் வாசிக்கச் சொன்னார். தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். ஆறாவது மலை வந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். வாசிக்கிற உற்சாகத்தில் தாண்டிவிட்டேன்.

அம்மாள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"கல்லாக்கிட்டீங்களா?"

"போளூர்ல அப்படித்தான் சொல்றாங்க..."

"போளூர்ல ஆக்கிட்டுப் போகட்டும். அந்தப் புள்ள ஆறாவது மலையில உக்காந்திருக்குன்னு நான் தெனம் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். உங்க சோலி கேக்குறதுதான சார்?"

இதழை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

மறு இதழில் திருத்தம் போடக் கேட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண் போயிரும்யா."

"போகட்டும் சார்."

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தது: கிளாவரைக் கதை ஆறாவது மலையோடு நிற்கிறது, அதற்கு மேல் எழுதியது துணையாசிரியரின் பிழை. துணையாசிரியர் என்று என்னைக் குறித்து அந்த இதழில் அச்சானது அந்த ஒரு முறைதான்.

மறுபடியும் கிளாவரைக்குப் போய் அந்த வரியை வாசித்தேன். அம்மாள் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

"அப்ப, உக்காந்துதான் இருக்கா?"

"உக்காந்துதான் இருக்காங்கம்மா."

அவர் அடுத்த பூண்டை எடுத்துத் தாள் கிள்ளத் தொடங்கினார்.