நாற்காலியின் முதுகில் எழுதியது

நகராட்சித் தலைமை எழுத்தர் இப்போதெல்லாம் நின்றுகொண்டேதான் கோப்பு பார்க்கிறார். கேட்டால் முதுகுவலி என்பார். முதுகில் ஒரு கோளாறும் கிடையாது.

அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரை சார்' என்றுதான் பெயர். முத்திரை இல்லாத விண்ணப்பத்தைப் படிக்கவே மாட்டார். குறுக்கே ஒரு கோடு கிழித்துத் திருப்பிவிடுவார். இளைஞர் விளையாட்டுக்கென்று வந்த நிதி அப்படித்தான் தேங்கிப்போனது. தெருப்பிள்ளைகளின் குழுவுக்கு ஏது முத்திரை? நிதியாண்டு முடிய ஒரு வாரம் இருக்கையில், பணம் திரும்பிப் போய்விடுமே என்று அடித்துப்பிடித்து அலுவலகத்துக்குச் சுழல் நாற்காலிகள் வாங்கினார்கள். யோசனை முத்திரை சாருடையது. எந்த நிதியில் வாங்கியதோ அதை வாங்கிய பொருளின் மேலேயே எழுதவேண்டும் என்பது விதி. அதையும் அவரே விடாப்பிடியாக எழுதவைத்தார்.

ஒரு மதியம், அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க மகள் வந்தாள். கல்லூரியில் படிப்பவள். நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயின்ட்டில் இருந்ததை நிதானமாக வாசித்தாள்: இளைஞர் விளையாட்டு நிதி.

"கைப்பந்து வலை கேட்டு நாங்களும் எழுதிப் போட்டோம்ப்பா. கோடு கிழிச்சுத் திரும்பி வந்துச்சு."

"அடிப்பாவி, வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அப்புறம் அப்பாகிட்ட சொல்லி வாங்கினதா ஆயிடும்ல?"

கூனிக்குறுகி எழுந்தார். அவள் நாற்காலியை அவர் பக்கமே தள்ளினாள்.

"உக்காருங்கப்பா. எங்க வலைதானே, தாங்கும்."