அஜந்தா கதறவில்லை

பனிச்சங்கேணியில் அஜந்தாவின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘சங்கு’ வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். பாலத்துக்குப் போகும் மணல் பாதையில், கிடுகுவேலி அடைத்த மூன்றாவது வளவு. விடிந்ததும் அங்கே இடியப்பம் எடுக்கலாம். எத்தனை என்று அவர் விரலால்தான் கேட்பார். பேசினால் ஓட்டை வழியே காற்றுப் போவதுபோல ஒரு கரகரப்பு மட்டும் வரும். அந்தக் குரலுக்கும் சங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் ஊர் ஆறு வருடமாக அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்தப் பட்டப்பெயர் வந்த கதை முழுக்கப் பிழை. அதை நானும் ஒருமுறை பிழையாக எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய கையால் எழுதிய பிழை என்பதால் எனக்குக் கோபமும் அதிகம்.

முன்பு அஜந்தா மாமி ஆற்றுக்குப் போனவர். வாவி என்பது புத்தகத்தில்; இங்கே எங்களுக்கு அது ஆறுதான். பெண்கள் ஆறேழு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பார்கள். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுநுனியில் மிதக்கும் கூடை. நடுவே தண்ணீருக்குள் வேரூன்றிய கண்ணா மரங்கள் பற்றையாக நிற்பதால் ஒருத்தியை ஒருத்தி காண முடியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருத்தி ‘கூ’ வைப்பாள். மற்றவர்கள் பதிலுக்குக் கூ வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். கூ வைக்க முடியாதவளை வரிசையில் சேர்ப்பதில்லை. சளி பிடித்துத் தொண்டை அடைத்தால் அன்றைக்கு வீட்டில்தான்.

ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு தை மாதத்தில் அஜந்தா மாமியையும் அவருடைய கூட்டாளி செசீலியா மாமியையும் முதலை மறித்துக்கொண்டது. இருவரும் ஒரு கண்ணா மரத்தில் ஏறிப் பகல் முழுக்க அங்கேயே இருந்தார்கள். பொழுதுபட கனகசிங்கம் அண்ணன் தோணியில் போய் இறக்கினார். பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. படம் செசீலியா மாமியுடையது. தலைப்பு ‘வீரப்பெண்’. கீழே ஒரு வரி: ‘உடனிருந்த மற்றப் பெண் அச்சத்தால் நாள் முழுவதும் கதறிக்கொண்டேயிருந்தார்.’

மற்றப் பெண். ஒரு பெயர்கூட இல்லை. நாள் முழுக்க ஊதினவள் என்று அந்த ஒற்றை வரியிலிருந்துதான் ‘சங்கு’ பிறந்தது. அதற்குப் பிறகு அஜந்தா மாமி ஆற்றில் இறங்கவில்லை. பயந்துவிட்டாள் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அவருடைய மகள் தனுஷா பள்ளிக்கூடத்தில் ‘சங்குட மகள்’ ஆனாள்.

சென்ற பங்குனியில் நகரத்திலிருந்து அலன் வந்தார். குறும்படம் எடுப்பவர். செசீலியா மாமியின் கதையைப் படமாக்க எழுத ஆள் தேடினார். நான் எழுதிக்கொடுத்தேன், அந்தப் பத்திரிகை நறுக்கை முன்னால் வைத்துக்கொண்டு. மாதிரிக்கு ஒரு பழைய ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொண்டோம். ஐந்து பேர், ஒரு சதுப்புநிலம், ஒரு முதலை. உயிர் தப்பும் படங்களுக்கெல்லாம் அதுதான் தாய் என்று உலகமே கொண்டாடுகிறது. இறுதியாண்டில் அதைப் புகழ்ந்து நாற்பது பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். ஊருக்கும் காட்டுவோம் என்று வசனங்களைத் தமிழில் பெயர்த்துப் படத்தின் அடியில் போட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசிகசாலை யன்னல்களைப் படுக்கை விரிப்பால் மூடி இருட்டாக்கினோம். முன் கதிரையில் பிரதம விருந்தினராகச் செசீலியா மாமி. கதவோரம் அஜந்தா மாமியும் தனுஷாவும்.

பத்து நிமிடத்தில் முதலை முதல் ஆளைக் கொண்டுபோனது. அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டாவது ஆளை.

“மறுகாவும் பசியா?” என்றார் செசீலியா மாமி. “ஒரு ஆளையே முழுசாத் திண்டிற்றுது. இனி ஒரு கிழமைக்கு வெயில் காஞ்சிற்றுக் கிடக்குமே. இது என்ன, கலியாண வீட்டுப் பந்திக்கு வந்த மாதிரி?”

“படம்தானே மாமி,” என்றேன்.

“படமெண்டா முதலைக்கு வயிறு இல்லையா மனே?”

சபை சிரித்தது. எனக்குச் சுட்டது. ஆனால் அதற்குப் பிறகு நானும் அவருடைய கண்ணால்தான் படத்தைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு படகு கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. அரை மணி நேரமாக யாரும் அதை இழுக்கவில்லை. “அந்தக் கயித்த இழுங்கடா!” என்று பின்னாலிருந்து கனகசிங்கம் அண்ணன் கத்தியே விட்டார். கதாநாயகன் கழுத்தளவு தண்ணீரில் நீந்தி வந்து, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துச் சுருட்டுப் பற்றவைத்தான். இத்தனையையும் எட்டுத் தரம் பார்த்துவிட்டு, ‘இறுக்கமான திரைக்கதை’ என்று எழுதியிருக்கிறேன்!

“யது, அந்த மஞ்சள் சட்டைப் புள்ளைக்கு என்ன பேர்?” என்று செசீலியா மாமி திரையைக் காட்டிக் கேட்டார்.

யோசித்தேன். படத்தின் எல்லா வசனத்தையும் தமிழாக்கியவன் நான். ஒருவர்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் நாற்பது பக்கத்தில் அவள் ‘அச்சத்தின் குறியீடு’.

“பேர் இல்ல மாமி.”

“தாய் தேப்பன்? புருஷன்? வீட்டில ஆராச்சும் தேடுவாங்களா?”

“ஒண்டும் சொல்லல்ல.”

“அப்ப என்னத்துக்கு அவளக் கூட்டிக்கொண்டு வந்தாங்க?”

அதற்குப் பதிலைப் படமே சொன்னது. கத்துவதற்கு. மரக்கிளையில் இருந்து அவள் வீறிட்டுக் கத்த, கதாநாயகன் கன்னத்தில் அறைந்தான்: ‘வாயை மூடு! சத்தம் கேட்டு அது வந்துவிடும்!’ அவள் மீண்டும் கத்தினாள். கிளை முறிந்தது. விழுந்தாள்.

“டேய், சங்குடா!” என்று இருட்டுக்குள் ஒரு குரல்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அஜந்தா மாமி எழுந்தார். தனுஷாவின் கையைப் பிடித்தார். கதவு திறந்தபோது வெளிச்சம் வந்து போனது.

“நிப்பாட்டு யது,” என்றார் செசீலியா மாமி.

திரைக்கு முன்னால் போய் நின்றார். நின்றுபோன படத்தின் முதலை அவருடைய சேலையில் கிடந்தது.

“சிரிச்சது காணும். அண்டைக்கு அவள் கத்தல்ல. கூ வைச்சவள். மூண்டு தரம் கூ, கொஞ்சம் பொறுத்து மறுகா மூண்டு தரம். கூட வந்தவங்க வளைவுக்கு அங்கால போயிற்றாங்க. காத்து எங்களுக்கு நேரே அடிக்கிது, சத்தம் போகாது. ‘பின்னேரம் காத்துக் கிறுகி ஊர்ப்பக்கம் அடிக்கும் செசீலி, அதுமட்டும் விடாம வைப்பம்’ எண்டாள். வைப்பம் எண்டாள். எனக்குத் தொண்டையால காத்தும் வரல்ல. பிடி வழுக்கி விழப்பாத்தன். தன்ட இடுப்புக் கயித்தால என்னக் கொப்போட சேத்துக் கட்டினவள் அவள். கனகசிங்கம், நீ என்னத்தக் கேட்டு வந்தநீ?”

கனகசிங்கம் அண்ணன் எழுந்தார். “கூ கேட்டுத்தான் வந்த நான். காத்துக் கிறுகினாப் பிறகுதான் கேட்டிச்சு. கிட்ட வரக்குள்ள அந்தக் குரல் பாதி உடைஞ்சிரிந்திச்சு.”

“‘அவள் கூவிக்கொண்டே இரிந்தாள்’ எண்டுதான் பேப்பர்காரத் தம்பிக்குச் சொன்ன நான். அவன் வெளியூர். கதறினாள் எண்டு எழுதிற்றான்,” என்றார் செசீலியா மாமி.

“ஆறு வருஷமா ஏன் மாமி திருத்தல்ல?” என்று கேட்டேன். மரியாதை இல்லாத கேள்விதான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் என்னையே பார்த்தார். “வீரப்பெண் எண்டு போட்டிரிந்தான் மனே. அத பிளாஸ்ரிக் அடிச்சு மாதா படத்துக்குப் பக்கத்தில கொழுவினன்.”

அலன் கையை உயர்த்தினார். “நல்ல விசயம் அன்ரி. ஆனா கதையில பயந்த ஆள் ஒண்டு வேணும். இல்லாட்டி ரென்ஷன் வராது.”

“பயந்த ஆள்தானே வேணும்? நான் இரிக்கிறன். என்னப் போடு.”

“நீங்க ஹீரோயின் அன்ரி. ஹீரோயின் பயப்படக்கூடாது.”

“அப்ப நீ மரத்தில ஏறினதில்ல.”

நான் எழுதிய பிரதியை அலனிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். வேறு ஊரில் வேறு ஆளை வைத்து எடுப்பேன் என்றார். எடுக்கட்டும். அங்கேயும் ஒரு மஞ்சள் சட்டைக்காரி அகப்படுவாள். ஒரு மனிதப் பிறவியைக் கதைக்குள் கொண்டுவந்து, நீ யார், ஏன் சத்தம் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல், சிரிக்க வைக்கவும் சாகவும் மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பெயர் உன்னதப் படைப்பு! அதைத்தான் அந்த நிருபரும் செய்தார். அதைத்தான் நானும் செய்தேன், அஜந்தா மாமியின் வேலியிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில் இருந்துகொண்டு.

மறுநாள் காலை செசீலியா மாமி என்னையும் கூட்டிக்கொண்டு அந்த மூன்றாவது வளவுக்குப் போனார். இடியப்பத்துக்குப் பாத்திரத்தோடு நாலைந்து பேர் நின்றார்கள். மாமி படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்று கூ வைத்தார். மூன்று தரம்.

பதில் இல்லை. பொறுத்து மறுபடி மூன்று. நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாம் முறையும் கூ வைத்தார்.

குசினிக்குள்ளிருந்து டங், டங், டங் என்று ஒரு சத்தம் வந்தது. அகப்பைக்காம்பால் சட்டியில் அடிக்கிற சத்தம். பிறகு, மாவு படிந்த கையில் அகப்பையோடு அஜந்தா மாமி வெளியே வந்தார்.

“ஆறு வருஷத்துக்குப் பிறகா உனக்குக் காத்துக் கிறுகிச்சு?” கரகரத்த அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“ஓம்கா. பிழைதான்.” செசீலியா மாமி படலையைப் பிடித்துக்கொண்டார். “நீ ஆத்துக்கு வராமப் போனதும் பயமாக்கும் எண்டு…”

“பயமா? எனக்குக் கூ வராது புள்ள. அண்டைக்கே போயிற்று. கூ இல்லாதவள ஆர் சேப்பீங்க? ஒருத்தராவது வந்து ஏன் எண்டு கேட்டீங்களா? சங்குக்குப் பயம் எண்டு நீங்களே முடிச்சிற்றீங்க.”

செசீலியா மாமி அவருடைய கையிலிருந்த அகப்பையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “கூடையில ஒரு தகரப் பேணியக் கட்டித் தட்டினாக் காணாதாகா?”

ஒரு தகரப் பேணி! ஆறு வருடமாக ஓர் ஊரின் மூளைக்கு அது எட்டவில்லை. பயந்தவள் என்று முதலிலேயே எழுதி முடித்த பாத்திரத்துக்குப் பேணி எதற்கு? படகுக் கயிற்றை இழுக்காதவர்களைப் பார்த்து நாங்கள் கத்தியது என் காதில் திரும்பக் கேட்டது.

அஜந்தா மாமி உள்ளே திரும்பினார். பள்ளிக்கூடம் இல்லாத நாள். வாசலில் நின்ற தனுஷா என்னைப் பார்த்து, “அண்ணா, மறுகா எழுதினா அம்மாட பேரப் போடுங்க,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆற்றில் ஏழு பேர். பாலத்தில் நின்று பார்த்தேன். கண்ணாப் பற்றைக்கு அப்பாலிருந்து ஒரு கூ எழுந்தது. ஐந்து பதில் கூ. அதற்குப் பிறகு, டங், டங், டங்.

“ஆர்ர பேணி அது?” என்று பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

கீழே தோணியில் இருந்த கனகசிங்கம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“அஜந்தாட.”