எந்தக் கட்சியும் இல்லை

கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் அவளைக் 'கேள்வியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே போய்வரும் பெண்கள் வீடு வீடாக நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களில் பத்துக்கு ஒன்றை உருவி, அதிலிருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்பது அவள் வேலை. உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைக்கிறீர்கள்? எத்தனை வருடமாக? "ஓட்டு யாருக்குங்கறது தேர்தலுக்குத் தேர்தல் மாறும்மா, இது மாறாது. ரத்தத்துல ஊறினது" என்பார் மேலாளர்.

அந்த ரத்தம்தான் அவள் வாழ்க்கையைப் பாழாக்கியது. எலக்ட்ரீஷியனான கணவர் ஒரு கட்சி. கூடப்பிறந்த அண்ணன் எதிர்க்கட்சி. பன்னிரண்டு வருடத்துக்கு முன், தேர்தல் நாளன்று, இருவரும் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவன் வாசலை மிதிச்சா இந்த வாசலை மறந்துடு" என்றார் கணவர். அவள் மிதிக்கவில்லை. அண்ணன் வீட்டில் அம்மா செத்தபோதுகூட எதிர்ச்சாரியில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். போன மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது, அவள் போகவில்லை.

அன்று மதியம் உருவிய படிவத்தில் அவள் வீட்டு முகவரியே இருந்தது. ஊழியர் வீட்டில் கேள்வி கேட்கக்கூடாது என்பது விதி. ஆனால், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அது யார் வீடென்று தெரியவில்லை.

ஆண். வயது ஐம்பத்து நான்கு. எலக்ட்ரீஷியன். கட்சி: எதுவும் இல்லை. ஏதாவது ஒன்றின் மேல் கொஞ்சமாவது பிடிப்பு? இல்லை. எத்தனை வருடமாக? பதினைந்து. அந்தச் சண்டைக்கும் மூன்று வருடம் முன்பிருந்தே.

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்காமல் எண்களை அழுத்தினாள்.

"வணக்கம் சார். உங்ககிட்ட எடுத்த கணிப்பைச் சரிபார்க்கக் கூப்பிடறேன்."

"என்னடி, விளையாடறியா?"

"நீங்க எந்தக் கட்சி சார்?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே..."

"பதினஞ்சு வருஷமாவா சார்?"

"கட்சிக்காரன்னா தெருவுல நாலு பேர் எந்திரிச்சு நிக்கறான். வெறும் எலக்ட்ரீஷியனுக்கு எவன் நிக்கறான்? கட்சிக்காரன்னு சொல்லிச் சொல்லியே பழகிப்போச்சு."

"எங்கம்மா கால்மாட்டுல உக்காந்து அழக்கூட விடலையே நீங்க!"

"மோட்டார் வேலை பாதியில நிக்குது. வெச்சிடறேன்."

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன, மாப்பிள்ளை எங்க பக்கம் வந்துட்டாரா?" குரலில்தான் கேலி, கண் கலங்கியிருந்தது.

"இல்லண்ணே. அவருக்குக் கட்சியே இல்லையாம். பதினஞ்சு வருஷமா." சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழலாம் என்றுதான் அதைச் சொன்னாள்.

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"கட்சிக்காகத்தான் முறுக்கிக்கிட்டு நிக்கறான்னு நெனச்சேன். நானும் கட்சிக்காரன், எனக்கு அது புரிஞ்சுது. அதனாலதான் உங்க ரெண்டு பேரையும் மனசுல எப்பவோ மன்னிச்சுட்டேன். பத்திரிகைகூட அனுப்பினேன்." அவன் குரல் உடைந்தது. "ஒண்ணுமே இல்லாததுக்கா நம்ம அம்மாவை அப்படி அனுப்பி வெச்சோம்?"

"அண்ணே..."

"போயிடும்மா. இதை என்னால மன்னிக்க முடியாது."

கதவை மெதுவாகத்தான் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.