புளியங்கட்டையில் கட்டிய நாய்

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்பார்கள். ரயிலடியைத் தாண்டி ஒவ்வொரு கம்பெனியாக முளைத்துக்கொண்டிருந்தது. வா வா என்று ஊரெல்லாம் ஆள் கூப்பிட்டார்கள். வருகிறவன் எங்கே படுப்பான், அவன் பெண்டாட்டி எங்கே உலை வைப்பாள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அங்கே இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதுவரைக்கும் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் மொத்தம் மூன்று உருப்படி. அவர், நான், எங்கள் நாய். நாயின் நிறம் செவலை என்பதால் அதைச் செவலை என்றே கூப்பிட்டோம். ஆற்று மணலில் குட்டியாக நடுங்கிக்கொண்டு கிடந்ததை நான்தான் முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தேன். பிள்ளை இல்லாததால்தான் நாயைக் கொஞ்சுகிறாள் என்று என் ஓர்ப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பத்துப் பிள்ளை இருந்திருந்தாலும் செவலையை நான் வளர்த்திருப்பேன். எனக்கு அதைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இதற்கு எதற்குக் காரணம்?

வீடு தேடும் லட்சணத்தைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ளவர்களுக்கெல்லாம் அப்போது வாடகை ஆசை பிடித்திருந்தது. மாட்டை விற்றுவிட்டு, மாட்டுக் கொட்டாயை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து, 'ரூம்' என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் பார்த்த ஒரு ரூமில் தீவனத் தொட்டிகூட அப்படியே இருந்தது. அதில் பாத்திரம் கழுவிக்கொள்ளலாம் என்றார் கொட்டாய்க்குச் சொந்தக்காரர். சாணி நாற்றம் மூக்கைத் துளைத்தது. நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். கடைசியில் அவர் கேட்டார்.

"எத்தினி பேரு?"

"நாங்க ரெண்டு பேருதான். கூட ஒரு நாயி."

"நாயா? வேணாம்பா. பெரிய பேஜாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "போன மாசம் வரைக்கும் இங்க எரும கட்டிக்கினு இருந்தீங்க. நாயி இருந்தா இன்னா?"

"எரும பால் கறந்துச்சும்மா. உன் நாயி இன்னா கறக்கும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவருக்கு நான் சோறு போடவில்லை.

வாரா வாரம் இதே கதைதான். ஒரு இடத்தில் வாடகை சம்பளத்தில் பாதியை விழுங்கும். ஒரு இடத்தில் வாடகை சரி, நாய் கூடாது. இன்னொரு இடத்தில் நாய் பரவாயில்லை, ஆனால் கூரை இல்லை, நாங்களே போட்டுக்கொள்ள வேண்டுமாம். அண்ணன் வீட்டிலோ சாமானை எப்போது எடுப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனியில் ஷிப்டு முடிந்து பஸ் கிடைக்காமல், என் வீட்டுக்காரர் பாதி நாள் அங்கேயே மூட்டை மேல் படுத்துக்கொண்டார்.

ஆனி மாதக் கடைசியில்தான் எளாவூர் போகிற வழியில் ஒரு வீடு அமைந்தது. சொந்தக்காரி ஐம்பது வயதுக்காரம்மா. புருஷன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, கல்யாணமான இரண்டு மகன்கள் கூட இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் புதிதாக இரண்டு ரூம் கட்டி, ஓடு போட்டு வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புள்ள இல்லியா?"

"இல்லக்கா."

"சரி, வுடு. நாயி கடிக்குமா?"

"அது தட்டுலேர்ந்து சோத்த எடுத்தாக்கூட கடிக்காது."

"லாரிக்காரனுங்க போய் வர ரோடு. ஒரு நாயி இருந்தா நல்லதுதான். ஆனா கட்டியே வெச்சிருக்கணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ரூம் வாசலை ஒட்டிப் பெரிய அடிக்கட்டை ஒன்று தரைக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றது. அந்தம்மா அதைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"இங்க பெரிய புளியமரம் இருந்துச்சு. ஒரே காக்கா. நாள் முச்சூடும் கத்தும், துணி காய வெக்க முடியாது, எல்லாம் எச்சம். வெட்டித் தள்ளிட்டு ரூம கட்டிட்டோம். இப்பத்தான் நிம்மதியா கீது."

செவலையை அந்தக் கட்டையில்தான் கட்டினேன். அதற்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. கட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ரோட்டில் போகிற லாரிகளைப் பார்க்கும். எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆடி அமாவாசை வந்தது. அந்தம்மா தலைக்குக் குளித்து, பச்சரிசிச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயசம் எல்லாம் செய்து புருஷன் படத்துக்குப் படைத்தாள். வாழையிலைத் துண்டில் சோற்றை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்மதில் மேல் வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டாள். காக்கை வந்து வாய் வைத்தால்தான் செத்துப்போனவர் சாப்பிட்டதாக அர்த்தம். அதற்கு முன்னால் வீட்டில் யாரும் இலை போட மாட்டார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று செவலையை ரூமுக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். வெயில் ஏறியது. மகன்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். மருமகள்கள் பசியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு காய்ந்து வறட்டியாகிவிட்டது. ஒரே ஒரு காக்கை எங்கிருந்தோ வந்து கரண்டுக் கம்பியில் உட்கார்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து செவலை குரைத்துத் தொலைத்தது. ஒரே ஒரு குரைப்பு. காக்கை பறந்துவிட்டது.

அந்தம்மா மதில் ஓரமாகவே உட்கார்ந்து அழுதாள். "எங்க மேல கோவம் அவருக்கு. வந்து பார்த்துட்டு, நாய பார்த்துட்டு, திரும்பிப் போயிட்டாரு" என்றாள். அழுகை பொய்யில்லை. அவளைப் பார்க்க எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் அக்கா, காக்கை உட்கார மரம் எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்தார். "வாய மூடிக்கினு இரு. இத்த வுட்டா வேற எங்க போவ?" என்று காதோரம் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தம்மா ரூம் வாசலுக்கு வந்தாள். "ஆடி மாசத்துல ஊட்ட மாத்தக் கூடாது. அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன். நீங்க இருங்க. நாய மட்டும் அனுப்பிடு" என்றாள். ஏதோ பெரிய தயவு செய்கிற மாதிரிதான் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை தயவுதான்.

பெரியபாளையத்துக் கோயிலில் ஆடிக் கூட்டம், அங்கே கொண்டுபோய் விட்டால் எச்சிலிலை தின்றாவது பிழைத்துக்கொள்ளும் என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் கூட்டத்தில் மிதிபட்டுச் சாகும், கூடவே கூடாது என்று கத்தினேன். அப்புறம் அவரே எளாவூர் செக்போஸ்ட்டில் ஒரு லாரிக்காரரைப் பிடித்தார். நெல்லூர்ப் பக்கத்து ஆள், கம்பெனிக்கு லோடு கொண்டுவருகிறவர். "பயப்படாத நைனா. ஊர்ல மாந்தோப்பு கீது. காவலுக்கு ஆவும்" என்றார்.

நான்தான் செவலையைக் கூட்டிக்கொண்டு போனேன். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர் கதவைத் திறந்து டக்கென்று விரலைச் சொடுக்கினார். செவலை ஒரே தாவாகத் தாவி ஏறி ஸீட்டில் உட்கார்ந்துகொண்டது. எத்தனை நாளாக லாரியையே பார்த்துக்கொண்டிருந்தது! வாலை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. நாங்களும் ஏறுவோம் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. லாரிக்காரர் கதவைச் சாத்தினார்.

அன்றைக்கு அந்த ரோட்டில் நான் அழுத அழுகையை என் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. என் வீட்டுக்காரர் "நாய்க்காகவா இப்டி?" என்று கேட்டார். ஆமாம், நாய்க்காகத்தான்.

புரட்டாசி அமாவாசை வந்தது. மறுபடி குளியல், படையல், மதில் மேல் இலை. மறுபடி "கா... கா..." புளியங்கட்டை வெறுமனே கிடந்தது. குரைக்க ஒரு ஜீவன் இல்லை. மதியம் தாண்டி, வெயில் சாயத் தொடங்கியும் ஒரு காக்கையும் வரவில்லை. கம்பியில்கூட உட்காரவில்லை. அந்தம்மா மெதுவாகத் திரும்பி, ரூம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"கொழந்த குட்டி இல்லாதவள மொதல்லயே யோசிச்சிருக்கணும்" என்று மருமகளிடம் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

இந்தத் தடவை என் கையைப் பிடிக்க வீட்டுக்காரர் இல்லை, ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் நேராகப் போய்ப் புளியங்கட்டை மேல் ஏறி நின்றேன். "மரத்த வெட்டினவங்க நீங்க! எச்சம் போடுதுன்னு காக்காவத் தொரத்தினவங்க நீங்க! அது ஒக்காந்த எடத்துல ஊட்டக் கட்டி வாடகைக்கு வுட்டுட்டு, என் நாயத் தொரத்தினீங்க. இப்ப என்னையா?" என்று கத்தினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் கத்துவேன். மூத்த மகன் கட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனான். "ஐப்பசி பொறந்ததும் காலி பண்ணிடு" என்றாள் அந்தம்மா.

ஐப்பசி பிறந்ததும் மறுபடி தேட ஆரம்பித்தோம். முதலில் போன இடம், அந்தத் தீவனத் தொட்டி வைத்த கொட்டாய்தான். அது இன்னும் காலியாகத்தான் இருந்தது. கொட்டாய்க்காரருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது.

"அந்த நாயி?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்டின்னா சரி" என்று அங்கேயே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.