எங்க வூட்டுக்காரரு கண்ணாடி

இன்னிக்கு மந்தைவெளி கண்ணாடிக் கடைக்குப் போனேன். பொடவை ஓரத்துல ஃபால்ஸ் துணி வச்சு அடிக்கும்போது தையலே தெரியல, தலைவலி வேற.

கடைக்காரத் தம்பி கண்ணைச் சோதிச்சாரு.

"அக்கா, உங்களுக்குத் தூரம் நல்லா தெரியுது, கிட்டதான் மங்கல். நீங்க போட்டிருக்கறது தூரம் தெரியாதவங்களுக்கானது. கிட்ட இன்னும் மங்கும். யாருது இது?"

"எங்க வூட்டுக்காரருது. போன மாசம் தவறிட்டாரு."

தம்பி கண்ணாடிய வாங்கி ஃபிரேமைத் திருப்பிப் பாத்தாரு.

"ஆபரேஷன், கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் எல்லாம் கீதுக்கா. உங்களுக்குக் கண்ணாடியே போதும். இதே ஃபிரேமுல உங்க பவர் போட்டுத் தரேன்."

சரின்னேன். பழைய லென்ஸைக் கழட்டிக் குப்பைக் கூடையில போடப் போனாரு.

"அய்யோ, குடுப்பா!" வாங்கி முந்தானையில முடிஞ்சிக்கினேன்.

இப்போ தையல் பளிச்சுன்னு தெரியுது. அந்த ரெண்டு லென்ஸை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல. உங்க வூட்டுல போனவங்க கண்ணாடிய நீங்கல்லாம் என்ன பண்ணீங்க?