உப்புப் பார்க்கும் போட்டு ராசு

ராசு விரலை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்புகிறார். “உப்பு இன்னும் நிக்கிது. இன்னொரு தண்ணி வுடணும்.”

சமையல் இல்லை. அவர் முன்னால் கருங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருப்பது ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின். பதினோரு வருடம் கடலூரில் ஒரு மீன்பிடிப் படகின் வயிற்றில் கிடந்தது. அதற்கு முன்பு லாரியில் ஓடியது. படகுக்காரர்கள் பழைய லாரி என்ஜினை வாங்கிப் படகில் வைக்கிறார்கள். அது களைத்ததும் எடைக்குத் தள்ளுகிறார்கள். ராசு அதை வாங்கி வந்து, உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி, வடித்து, வடித்ததை நக்கிப் பார்த்து, உப்பு போனதும் மறுபடி ஒரு லாரியில் ஏற்றுகிறார். அரிசி களைவது போல நாலு தண்ணீர், சில என்ஜின்களுக்கு ஆறு தண்ணீர். உப்பை அளக்கக் கருவி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன்.

“நாக்குக்கு பேட்டரி வாங்க வேணாம்” என்றார்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்குச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. கடலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். இருந்தும் அவர் பெயர் போட்டு ராசு, அதாவது படகு ராசு. அறுபதைத் தொடப்போகிறவர் இதுவரை படகில் ஏறிப் போனதில்லை. கடலூர் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்த ஒரு படகில், என்ஜினைப் பார்க்க ஒரே ஒரு முறை இறங்கியிருக்கிறார். இறங்கிய வேகத்தில் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு கரையில் நின்றபடியே வியாபாரம். “படகு நவுராம இருந்தாத்தான் எனக்கு மயக்கம். அதான் ஏறல” என்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட வேண்டும்.

மலைமேல் ஏரியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் படகின் மோட்டாரும் அவரிடம்தான் வரும். அதைச் சோதிக்க அவரிடம் ஏரி இல்லை. நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கிறது. அதில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மோட்டாரை விளிம்பில் மாட்டிக் கயிற்றை இழுப்பார். பீப்பாய் சாமி வந்தது போல ஆடும். பாதித் தண்ணீர் பக்கத்துப் பஜ்ஜிக் கடைக்குப் போகும். கடை ஆயம்மாளுடையது.

“யோவ் ராசு! என் மாவுல பெட்ரோல் நாத்தம் வருதுய்யா!”

“நல்லது யக்கா. ஒன் பஜ்ஜி தின்னவன் தம் கட்டாம மலை ஏறுவான்.”

“ஒன் வாயில கிரீசு வெக்க!”

இது தினமும் நடக்கிறது. இருவரில் ஒருவர் வராத நாளில் மற்றவருக்கு வேலை ஓடுவதில்லை.

அவர் கைவேலையை எந்தப் பாடப்புத்தகத்திலும் சேர்க்க முடியாது. இரண்டு இரும்புப் பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் ஓர் அட்டை வைக்க வேண்டும். மெக்கானிக்குகள் அதைப் பேக்கிங் என்பார்கள். ராசு அதைக் கல்யாணப் பத்திரிகையில் வெட்டுகிறார். கொட்டகையின் மூலையில் நாலு மாவட்டத்துப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கின்றன. பளபளப்புத் தாளை உரித்துவிட்டு, உள் அட்டையை கிரீசில் ஊறவைத்து, சின்ன சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே வடிவம் எடுப்பார். “காதுகுத்து பத்திரிக வேலைக்கு ஆவாது. மெலிசு. எம்மெல்லே வர்ற கல்யாணம்னா நல்லா தடிமனா அடிப்பானுங்க, அது டீசல் பம்புக்கே தாங்கும்.” எந்த வண்டியில் யாருடைய கல்யாணம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். என் கல்யாணம் ஒரு தண்ணீர் பம்பில் இருக்கிறது. “அஞ்சி வருசமா ஒரு சொட்டு ஒழுவல. நல்ல எடம்” என்றார். என் கணவரைப் பற்றி எங்கள் உறவில் யாரும் இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

இன்னொரு கொள்கையும் உண்டு. அவர் எதையும் துடைக்க மாட்டார். ஸ்பேனர், என்ஜின், கை, முகம் எதையும். பனியன் ஒருகாலத்தில் வெள்ளை என்று ஆயம்மாள் சத்தியம் செய்கிறார். ஒருநாள் கழிவுப்பஞ்சை எடுத்து ஒரு மூடியைத் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“தொடச்சிட்டா எங்க ஒழுவுதுன்னு எப்டித் தெரியும்? அழுக்கு சொல்லும் மொழி. சுத்தமா கீற இஞ்சின் பொய் சொல்லும்.”

மொழி என்பது நான். முழுப் பெயர் தமிழ்மொழி. சென்னைக்கு வெளியே ஓர் ஆலையில் என்ஜின் சோதனைக் கூடத்தில் வேலை. புது என்ஜின்களை நிறுத்தாமல் ஓட்டிச் சாகடிப்போம். எந்த மணியில், எந்த பாகத்தில், எதனால் என்று அறிக்கை எழுதுவேன். காரணம் தெரியாத சாவு எங்கள் கூடத்தில் இல்லை.

கொட்டகையின் கடைசியில் தார்ப்பாய் மூடி நிற்பது என் அப்பாவின் லாரி. அந்தத் தண்ணீர் பம்பும் அதில்தான் இருக்கிறது. அதன் என்ஜினும் கடலூர் சரக்குதான். அப்பா கந்தசாமி அந்த லாரியை முப்பது வருடம் ஓட்டினார். நாற்பத்திரண்டு நாட்களுக்கு முன்பு வெள்ளிமலையிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு லோடோடு மலை இறங்கிக்கொண்டிருந்தார். பாதி மலையில், ஒரு வளைவில், லாரியின் மூக்கு தடுப்புச் சுவரில் முட்டியபடி நின்றது. அப்பா ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். பின்னால் வந்த பஸ்காரர்கள்தான் பார்த்தார்கள்.

டாக்டர் இதயம் என்று எழுதினார். ஊர் பிரேக் என்று சொன்னது. பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி, அந்த அதிர்ச்சியில் நெஞ்சு நின்றது என்று. பிரேக் போட்டவர் ராசு.

விடுப்பில் வந்தேன். லாரியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றாள் அம்மா. அதற்கு முன்பு திறந்து பார்த்து, ஒரு வரியில் எனக்குக் காரணம் வேண்டும். ராசு நாள் கடத்தினார். “நாளைக்கி பாக்கலாம் மொழி.” மறுநாள் அமாவாசை. அதற்கு மறுநாள் ஜாக்கி இரவல் போயிருந்தது. ரேடியோ, தையல் மிஷின், ஒருமுறை ஆயம்மாளின் மூக்குக்கண்ணாடி என்று கைக்குக் கிடைத்த எதையும் கழற்றிப் பார்க்கிற மனிதர், இந்த லாரியின் தார்ப்பாயை மட்டும் தொடவில்லை. பாகங்களை எடுத்து விற்றுவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வாரம் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேலே எழுதியதெல்லாம் அப்போது பார்த்தவை.

எட்டாம் நாள் தார்ப்பாயை நானே இழுத்தேன். ராசு தடுக்கவில்லை. ஜாக்கியை எடுத்து வந்தார். அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

எல்லாச் சக்கரத்தையும் கழற்றினோம். பிரேக் லைனிங்கை அளந்தேன். தடிமன் போதும். பின்பக்கம் குறையில்லை. இடது முன்சக்கரத்தின் உள்ளே ஈரம். பிரேக் ஆயில் கசிந்திருந்தது.

“இது அன்னிக்கே ஒழுவுச்சா, நாப்பது நாளு நிக்கவெச்சதுல ஒழுவுச்சா?” என்று கேட்டேன்.

ராசு அழுக்கைப் பார்த்தார். விரலில் தொட்டார். நக்கவில்லை. “தெர்ல” என்றார். அழுக்கு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. என் அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாகவே நின்றது.

பிறகு அவர் கேபினில் ஏறி டாஷ்போர்டைக் காட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துளை. அதில் நகக்கண் அளவுக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாப்பர் கம்பி. அதை இழுத்தால் டீசல் அடைபடும், என்ஜின் நிற்கும். சாவி போட்டு நிறுத்துகிற வண்டி இல்லை இது.

“இதுல ஒரு கொண்டை இருந்துச்சி, புடிச்சி இழுக்கறதுக்கு. நான் மாட்னது. இப்போ காணோம்.” கீழே பார்த்தபடி சொன்னார். “பிரேக்கு புடிக்கலன்னதும் ஒங்கப்பன் இஞ்சின நிறுத்தப் பாத்துருக்கான். இழுத்துருக்கான். கொண்டை கையோட வந்துருச்சி. ரெண்டும் நான் போட்டதுதான், ரெண்டும் அவன கைவுட்டுருச்சி. ரெண்டு வாட்டி மேல போய்த் தேடிட்டு வந்தேன் மொழி. ரோட்ல, புதர்ல. பாக்கறவங்க இன்னா தேடறேன்னாங்க. மோதிரம்னு சொன்னேன்.”

“எப்படி இருக்கும் அது?”

“கறுப்பா, உருண்டையா. குண்டான் மூடில இருக்குமே, அது. ஆயம்மா அக்கா வூட்டு மூடிலேர்ந்துதான் கழட்னேன்.”

“அடப்பாவி, அது நீதானா!” என்று பஜ்ஜிக் கடையிலிருந்து சத்தம் வந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்பாவின் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்தார்கள். போன், சீப்பு, வெற்றிலைப் பொட்டலம், ஒரு கறுப்புக் குமிழ். அது என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டி மூடிக்குக் குமிழ் உடைந்து நாளாகியிருந்தது. அம்மா மாட்டிப் பார்த்தாள். பொருந்தியது. அப்பா அதற்காகத்தான் வாங்கி வைத்திருந்தார் என்று கொஞ்சம் அழுதாள்.

“அது சட்டைப் பையில இருந்துச்சி மாமா. பொத்தான் போட்ட பை. இப்போ குழம்புச் சட்டி மேல இருக்கு.”

ராசு என்னையே பார்த்தார். “பையிலயா? நெசமா பையிலயா? கையில இல்ல?”

“பையில.”

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். “வண்டிய நிறுத்திட்டு, எறங்கறதுக்கு முன்ன, கொண்டையத் திருகி எடுத்துப் பையில போட்டுக்குவான். டெய்லி. இன்னாத்துக்குடான்னா, திருட்டுப்பய ஸ்டார்ட்டு பண்ணுவான், நிறுத்தத் தெரியாது, ஓட்டிக்கினே பாண்டிச்சேரி போய்க் கடல்ல வுழட்டும்பான்.” சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. “ஒங்க வூட்ல வந்து கேக்க எனக்கு வாய் வரல மொழி.”

“அந்தாளு செவுத்துல முட்டித்தானே வண்டிய நிறுத்துவாரு!” ஆயம்மாள் கரண்டியோடு வந்து நின்றார். “ஹேண்ட் பிரேக்க நம்ப மாட்டாரு. என் கட செவுரு வெடிச்சிக் கெடக்கே, பாரு! ஊருக்கு இது தெரியாதா?”

ஊருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிரேக் கதை இன்னும் சுவையாக இருந்ததால் யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

நான் தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விவரம் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். துணியால் மூடியைப் பிடித்து, சூட்டோடு குமிழைத் திருகி எடுத்தாள். “வண்டிக்காரன்தான் போனான். இப்போ மூடியையும் வண்டி எடுத்துக்கினு போவுது” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொட்டகைக்கு வந்ததும் ராசு குமிழைக் கையில் வாங்கினார். அதில் குழம்பு ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு நக்கினார். பழக்கம்.

“உப்பு கம்மி.”

“ஒன்றரை மாசமா அப்படித்தான் மாமா.”

குமிழின் உள்ளே நகத்தை விட்டுத் திருகு மரையைத் தடவினார். பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் மரை சிதைந்திருக்கும். ஒரு வரிகூட மழுங்கவில்லை. கம்பியின் மரையும் அப்படியே இருந்தது. குமிழை மாட்டினார். சக்கரங்களைப் பூட்டினோம். கருங்கல் அடுக்கின் மேலிருந்த என்ஜினுக்குக் கொடுத்திருந்த பேட்டரியைக் கொண்டுவந்து ஒயரை வைத்தோம். பொத்தானை அழுத்தினார். ஆறு சிலிண்டரும் சேர்ந்து இருமின. கறுப்பாய் ஒரு புகை. பிறகு சீரான ஓட்டம். எங்கள் கூடத்தில் இந்தச் சத்தத்துக்கு மதிப்பெண் போடுவேன். போடவில்லை.

ஆயம்மாள் மாவைக் கவனிக்கவில்லை. சாலையில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

ராசு கம்பியை இழுத்தார். என்ஜின் நின்றது. குமிழை இரண்டு விரலால் பிடித்துத் திருகத் தொடங்கினார். உதடு அசைந்தது. ஒன்னு. ரெண்டு. அவசரப்பட்டால் விரல் வழுக்குகிற சின்னக் குமிழ். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடியை மாற்ற வேண்டியிருந்தது. அஞ்சி. ஆறு. பிரேக் போன லாரியில் யாருக்கும் இதற்கு நேரம் இருக்காது. லாரியை ஓரம் கட்டி, சுவரில் மூக்கை வைத்து, நிறுத்தி முடித்தவருக்குத்தான் இருக்கும். ஏழு.

எட்டு.

குமிழ் கைக்கு வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பனியனின் நுனியைத் தூக்கி, இருப்பதில் கறுப்புக் குறைந்த இடமாகத் தேடி, அதைத் துடைத்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு முறை துடைத்தார்.